இருக்கிற காலுக்கு

என் நாத்தனாரோடு செருப்புக் கடைக்குப் போகிறவர்கள் அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நான் ஒரு தடவை பாலை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரத்தையே பறிகொடுத்தவள்.

தஞ்சாவூர் தெற்கு வீதியில் ஒரு கடை. மற்றவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நாலு அடி நடந்து பார்ப்பார்கள். நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனார் நேரே வாசலுக்கு வந்து தெருவில் இறங்கிவிடுவார். சாக்கடை மூடியின் மேல் ஏறி நிற்பார். எதிரே வீடு கட்டக் கொட்டி வைத்திருக்கும் ஜல்லியின் மேல் ஏறி மிதிப்பார். கடைக்காரர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்.

"அம்மா, புதுச் செருப்பும்மா! அழுக்காயிடும். நீங்க எப்பவும் ஆறாம் நம்பர்தானே?"

"ஆறெல்லாம் முப்பது வயசுல. இப்பப் பாதம் பரந்துபோச்சு, ஏழு எடுங்க. இருந்த காலுக்குக் குடுக்காதீங்க தம்பி, இருக்கிற காலுக்குக் குடுங்க."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். பொம்பளைக்கு வயதாகிவிட்டது, பாதம் பரந்துவிட்டது என்பதை இப்படியா ஊரைக் கூட்டிச் சொல்வது? நானும்தான் ஏழு. ஆனால் ஆறையே வாங்கிக் காலைத் திணித்துக்கொண்டு, கடித்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லையா?

ரவிக்கைக்கும் இதே கதைதான். எல்லாரும் ஒரு பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருவோம். அண்ணி கொடுக்க மாட்டார். "போன வருசம் தைச்சது போன வருசத்து உடம்புக்கு. இப்ப அளவு எடும்மா" என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மூக்குக் கண்ணாடி, மெத்தை, மாடிப்படிக்குக் கைப்பிடி, எதை எடுத்தாலும் அந்த ஒரே பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. இன்று அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் அண்ணி. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மாமனாரும் மாமியாரும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள். அந்த வீட்டிலிருந்து நர்சிங் படித்து, ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து, காஷ்மீர் வரைக்கும் போனார் அண்ணி. அங்கே பனியில் சறுக்கி விழுந்து காலொடிந்து வருகிற சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு, 'அப்படி என்னதான் இருக்கு இந்தக் கட்டையில' என்று ஒரு நாள் தானே ஏறிப் பார்த்திருக்கிறார். ஏறியவர் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

பனிச்சறுக்கு என்றால், இரண்டு காலிலும் நீளப் பலகை பூட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கம்பு பிடித்துக்கொண்டு, மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவது. அண்ணி ஸ்கீ என்பார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வீடு எடுத்துத் தனியாக இருந்த காலத்திலும் ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்து அறுப்புத் தொடங்கியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நெல் காயப்போடும் தார்ப்பாயில் எங்கள் ஊர் டெய்லர் தைத்துக் கொடுத்த உறை அதற்கு. பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் கேட்பார்: "என்னம்மா இது, கதவு நிலையா?"

"ஆமா தம்பி. காஷ்மீர்ல வீடு கட்டுறேன்."

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனாலேயே கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் கணுக்கால் அளவுக்குச் சேறு. என் வீட்டுக்காரர் எப்போதும் கூப்பிடுகிற, டயர் போட்ட அறுப்பு இயந்திர வண்டியையே கூப்பிட்டார். "பெல்ட் வண்டியக் கூப்பிடுடா" என்று அண்ணி முதல் நாளே சொன்னார். "எத்தனை வருசமா இந்த வண்டிதான் அறுக்குது, எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். வண்டி வயலில் இறங்கி நடுவயலுக்குப் போவதற்குள் அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது. அண்ணி 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பிலேயே நின்று போன் போட்டார். சாயங்காலத்துக்குள் பெல்ட் வண்டி வந்து, அகலமான பட்டையில் சேற்றின் மேலேயே ஊர்ந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனது.

"எத்தனை வருசம் ஓட்டுனோம்கிறதா கணக்கு? இன்னைக்கு வயல் எப்படி இருக்குன்னு பாரு" என்றார் தம்பியிடம். அவ்வளவுதான்.

அண்ணி விழுந்தது அதற்கு அடுத்த வருடம். அங்கே இரண்டு வகைப் பனி உண்டாம். ஒன்று, இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்து வைக்கிற பனி. "நம்ம வயல்ல நடவுக்கு முன்னாடி பரம்படிச்சு வைக்கிறோமே, அந்த மாதிரி" என்பார் அண்ணி. அதில் எந்தக் கட்டையும் ஓடும். இன்னொன்று, வானத்திலிருந்து விழுந்தது விழுந்தபடி கிடக்கிற பனி. மேடு எது, பள்ளம் எது, மேலே மெத்தையா, உள்ளே பாறையா என்று தெரியாது. அண்ணிக்கு உயிர் அதில்தான். இளவயதில் வாங்கிய ஒடுக்கமான கட்டையோடு அதில் இறங்கியிருக்கிறார். நம் டயர் வண்டி மாதிரியே கட்டை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். நர்சுக்கு நர்ஸ் வேலை பார்ப்பதைப் போன்ற தண்டனை எதுவும் கிடையாது. தலையணையைச் சரியாக வைக்கிறேனா என்று கூடக் கண்காணிப்பார்.

நடக்கத் தொடங்கிய அன்று என் வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அக்கா, அறுபத்திரண்டு வயசு. இனிமே மலைக்குப் போறதில்லன்னு எட்டுக்குடி முருகன் மேல சத்தியம் பண்ணு."

"முருகனே மலையிலதான்டா நிப்பாரு, அவர ஏன் இதுல இழுக்கிற" என்றார் அண்ணி. இவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணி குரலை இறக்கினார்.

"ஒரே ஒரு தடவை. சரியான கட்டையோட. நான் விழுந்த அதே சரிவுல, யாரும் கை குடுக்காம இறங்கி வந்துட்டேன்னா, எப்பப் போதும்னு நானே முடிவு பண்ணிக்கிறேன். யாராச்சும் என்னைத் தூக்கிட்டு வந்தாங்கன்னா அன்னைக்கோட சரி. கட்டையைக் கொடுத்துட்டு வந்துடுறேன். இவளைக் கூட அனுப்பு. வந்து உள்ளதச் சொல்லட்டும்."

இவள் என்றது என்னை. நான் ஊட்டிக்கே இரண்டு ஸ்வெட்டர் போடுகிறவள்.

அந்தப் பொங்கலுக்கு நடந்ததை எங்கள் ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைக்குத்தான் பொங்கல் சீர் போகும். அண்ணியைக் கட்டிக்கொடுக்கவில்லை; எனவே சீர் என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. ஊரெல்லாம் அண்ணன் தம்பிகள் பொங்கலுக்கு முன்னால் கரும்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது இவர் மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஏக்கம் இவருக்குள் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கனடாவில் இருக்கிற எங்கள் மகனுக்குப் போன் போட்டார். "அத்தைக்குக் கட்டை வேணும்டா. தொடாத பனியில போறதுக்கு. எவ்வளவு அகலம் கிடைக்குதோ அவ்வளவு அகலம். நீளமும் குறைக்காத." பெல்ட் வண்டி புதையாததைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா? பட்டை அகலமாக இருக்க இருக்க நல்லது என்பது அவர் கணக்கு. மகனும் அப்படியே வாங்கி அனுப்பினான்.

பொங்கலுக்கு முதல் நாள் வேன் வைத்துத் தஞ்சாவூர் போய் இறங்கினோம். கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், புடவை. எல்லாவற்றுக்கும் நடுவில், மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூச்சுற்றிய இரண்டு ஸ்கீ! தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "என்னங்க இது, ஊஞ்சப் பலகையா?" என்றார் எதிர்வீட்டு பாய் அம்மா. அண்ணி வாசலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். அந்த முகம் அப்படிக் கோணி நான் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! முகம் கழுவிக்கொண்டு வந்தவர் கட்டையை எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். அவர் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. தூக்கிப் பார்த்தார். நடுவில் கையை வைத்து வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. தரையில் போட்டு மேலே ஏறி நின்று முட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு இறங்கினார்.

"இது எனக்கு ஆகாதுடா."

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "இருக்கிறதுலயே பெருசு அக்கா இது. புதையவே புதையாது."

"புதையாது. மிதக்கும். ஆனா திருப்பணும்ல? பெல்ட் வண்டியத் திருப்ப இஞ்சின் இருக்கு. இதைத் திருப்ப என்ன இருக்கு? இந்த முட்டிதான். இவ்வளவு அகலத்தக் கெட்டிப் பனியில சாய்க்கிறதுக்குள்ள ஜவ்வு மறுபடியும் போயிடும். இது இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு வாங்குற கட்டை."

"சீரை யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?" இவர் கரும்புக் கட்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கோபம்தான். ஆசையாகக் கொண்டுவந்த மனுஷனை வாசலோடு இப்படியா வெட்டுவது? "ஒரு பேச்சுக்காவது வாங்கிக்கிட்டா என்ன அண்ணி குறைஞ்சுபோயிடும்?" என்று கேட்டேவிட்டேன்.

அண்ணி தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டியை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது.

"சீரை எடுத்துக்கிட்டேன்டா. இந்த ஜென்மத்துக்குப் போதும் எனக்கு. கட்டையத்தான் மாத்தச் சொல்றேன். புடவை எடுத்துட்டு வந்தா வேற கலர் மாத்திக்கிறதில்லையா? நீ உன் பழைய அக்காவுக்கு வாங்கிட்டு வந்திருக்க. அவ எதுலயும் இறங்குவா. எனக்கு இப்ப வயசாயிடுச்சு. முட்டி அரைதான். அதோட பயம் வேற வந்துடுச்சு. பயத்துக்கும் சேத்துத்தான்டா வாங்கணும்."

பயம் என்ற வார்த்தையை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். தன் அக்காவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அன்று சாயங்காலமே மகனோடு வீடியோவில் உட்கார்ந்தார்கள். அண்ணி சொல்லச் சொல்ல அவன் தேடினான். அகலம் நடுத்தரம், புதையவும் கூடாது, முட்டியைப் பிடுங்கவும் கூடாது. நீளம் தன் மூக்கு உயரம், அதற்கு மேல் ஒரு விரல் கூட வேண்டாம். முன்நுனி நன்றாக மேலே வளைந்திருக்க வேண்டும், பனிக்குள் குத்திக்கொண்டு போகாமல். எடை குறைவு. ரொம்ப விறைப்பு கூடாது. தப்புச் செய்தால் மன்னிக்கிற கட்டையாக இருக்க வேண்டும். "அத்தே, இது சாதாரண ஆளுங்க வாங்குற மாடல்" என்றான் அவன். "நான் சாதாரண ஆளுதான்டா, அதையே போடு" என்றார். பெரிய கட்டை திரும்பிப் போய், அந்தச் சாதாரணக் கட்டை வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் அதற்கும் குங்குமம் வைத்தார்.

அப்புறம் நான் காஷ்மீர் போன கதை. குளிரா அது? பாவி! மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். குல்மார்க்கில் ஒரு கடையில் கட்டையையும் காலணியையும் இணைக்கிற பூட்டைச் சரி செய்து கொடுக்கிறார்கள். விழுந்தால் அந்தப் பூட்டு தானாகக் கழன்று காலை விட வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது வயது, எடை, திறமை மூன்றையும் பொறுத்தது. அதனால் மூன்றையும் கேட்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அண்ணி எனக்கு மொழிபெயர்த்தார். தொப்பை முன்னால் வர நின்றவர் எடையைக் குறைத்தார். நரைக்குச் சாயம் பூசியவர் வயதைக் குறைத்தார். அத்தனை பேரும் தங்களைப் பெரிய வீரர்கள் என்றார்கள். அண்ணியின் முறை வந்தது. வயது அறுபத்திமூன்று, எடை அறுபத்தெட்டு, திறமை நடுத்தரம், ஒரு முட்டி ஆபரேஷன் ஆனது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று பூட்டைச் சரி செய்தார்.

மறுநாள் காலை கம்பியில் தொங்கிக்கொண்டு மலையேறுகிற வண்டியில் மேலே போனார்கள், அண்ணியும் பழைய ஆஸ்பத்திரித் தோழிகள் மூன்று பேரும் ஒரு வழிகாட்டியும். நான் கீழே டீக்கடை வாசலில் நின்றேன். சரிவு முழுக்க வெள்ளை. பார்க்கப் பார்க்கக் கண் கூசியது. தோழிகள் முதலில் இறங்கினார்கள். சர்ரென்று வந்து என் பக்கத்தில் நின்றார்கள். வழிகாட்டியும் பாதி இறங்கி நின்றுகொண்டார். அப்புறம் மேலே ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் அண்ணி.

அழகாக வந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வருவார், நிற்பார். இடப்பக்கம் சாய்ந்து போவார், நிற்பார். பிறகு வலப்பக்கம். வெள்ள நேரத்தில் வரப்பு தேடித் தேடி வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார். அவர் விழுந்த இடம் எது என்று தோழி ஒருத்தி கையைக் காட்டிச் சொன்னாள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே அண்ணி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

முருகா! வழிகாட்டி அவரை நோக்கி மேலே ஏறத் தொடங்கினார். தூக்கினால் முடிந்தது. 'தொடாதே, தொடாதே' என்று நான் தமிழில் கத்துகிறேன், அவருக்கு என்ன கேட்கும்? மேலே அண்ணி கம்பை உயர்த்தி அவரை நிறுத்துவது தெரிந்தது. அவர் நின்றார். அண்ணி உட்கார்ந்தே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையில் இருந்த டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

பிறகு எழுந்தார். முதலில் இடது காலை ஊன்றி, கம்பைப் பிடித்து, வலது காலைச் சேர்த்து. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேரே அதன் மேலேயே, மெதுவாக, கட்டை பனிக்குள் போகாமல், மேலேயே மிதந்து, ஒரு வளைவு. இன்னொரு வளைவு. அப்புறம் நிற்கவே இல்லை.

"எங்க அண்ணி! எங்க அண்ணி!" என்று டீக்கடை அதிரக் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். ஓடினேன், வழுக்கி விழுந்தேன், தவழ்ந்து போய்க் கட்டிக்கொண்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது அவருக்கு. முடியெல்லாம் பனி.

"ஏன் அண்ணி உட்காந்தீங்க? உசுரே போயிடுச்சு எனக்கு."

"பயம் வந்துச்சும்மா. அது போகட்டும்னு உட்காந்தேன். தம்பிக்குப் போன் போடு."

கட்டையை ஒரு கையில் நிறுத்திக்கொண்டு அவர் நின்றதை அப்படியே ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு போன் போட்டேன். அந்தப் பக்கம் அறுப்பு வண்டிச் சத்தம். "யாராச்சும் தூக்குனாங்களா?" இவர் கேட்ட முதல் கேள்வி. "தூக்கல. அவங்களே வந்தாங்க" என்றேன். இவர் கத்தினார்: "வண்டிய நிறுத்துங்கய்யா! எங்க அக்கா எறங்கிடுச்சு!" வயலில் நின்றவர்களுக்கு எதிலிருந்து இறங்கினார் என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் போனார். மூன்றாவது வருடம் தார்ப்பாய் உறையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, "இந்தக் காலுக்கு இனிமே வேணாம்" என்றார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. சொன்ன சொல்படி அவரேதான் முடிவு செய்தார். சில வருடம் கழித்து ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். யாரையும் படுத்தவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்தோம். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கப் போட்டோ வேண்டும். எங்கள் பக்கத்தில் எழுபது வயதில் செத்தவருக்கும் முப்பது வயதுப் படத்தைத்தான் போடுவார்கள். சொந்தக்காரர்கள் ராணுவ உடுப்பில் இருந்த பழைய படத்தை எடுத்து நீட்டினார்கள். ராஜாத்தி மாதிரி இருப்பார் அதில். என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் போனைக் கேட்டார். டீக்கடை வாசலில் நான் எடுத்த படம்.

"இதுல மூக்கு ஒழுகுது மாமா" என்றார் ஒருவர். "கையில இருக்கிற பலகைய வெட்டிட்டு முகத்த மட்டும் வச்சுடலாமா?" என்றார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்.

"எதையும் வெட்டாதீங்க. அதுதான் எங்க அக்கா" என்றார் இவர்.

கடைத்தெருவில் பஸ் நிற்கிற இடத்தில் ஆளுயரத்துக்குக் கட்டினார்கள். சுற்றிலும் மற்ற ஃப்ளெக்ஸ்களில் தலைவர்கள், கல்யாண மாப்பிள்ளைகள், காதுகுத்துப் பிள்ளைகள். நடுவில் பனிமலை முன்னால் எங்கள் அண்ணி, நரைத்த தலையும் சிவந்த மூக்குமாய்ச் சிரித்துக்கொண்டு. காரியத்துக்குச் சாமான் வாங்கப் போன நான் அதன் கீழே நின்றேன். நடவு முடிந்து பஸ்ஸுக்கு வந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"யாருங்க இவங்க? வெளிநாடா?"

"இந்த ஊருதான். எங்க நாத்தனார்."

"கையில என்னங்க அது?"

"அவங்க தம்பி குடுத்த பொங்கச் சீரு."